கணக்கருக்கு ஒரு மொழி, விஞ்ஞானிக்கு ஒரு மொழி

எந்த நிரல்மொழியைப் படித்தால் நல்லது? எஸ்.பி.எம். முடித்துவிட்டு டிப்ளோமாவுக்கோ மெட்ரிகுலேசனுக்கோ காத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஜெராமில் எங்கள் வீட்டு வரிசையில் இந்தப் படிப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் கேள்வி என்னிடமே வருகிறது. பைத்தானா, ஜாவாவா, சி பிளஸ் பிளஸ்ஸா என்று ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். என் சித்தப்பா மகன், ஒரே மொழியைப் படித்தால் எல்லா வேலைக்கும் போதும் என்று விளம்பரம் செய்த ஒரு தனியார் வகுப்புக்குச் சில நூறு ரிங்கிட் கட்டவும் தயாராக இருந்தான்.

கேள்வியிலேயே ஒரு பாதி காணவில்லை. எந்த வேலைக்கு என்பதுதான் அந்தப் பாதி. கணினி பிறந்த காலத்திலேயே அதைக் கேட்டு, அதற்காகப் பல ஆண்டுகள் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர் ஒரு பெண். அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரு விட்டில்பூச்சிக் கதை மட்டுமே. அதுவும் பாதி தவறு. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

1906 டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் வீட்டில் இருந்த அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பிரித்துவிட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்த கடிகாரத்தைப் பிரித்தால் விளங்கும் என்று அதையும் பிரித்தார். இப்படி ஏழு கடிகாரங்கள் போயின. அம்மா அடிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்து விளையாடலாம் என்று எல்லை போட்டார். என் வீட்டில் நடந்திருந்தால் முதல் கடிகாரத்தோடு கதை முடிந்திருக்கும்.

படிப்பில் கெட்டிக்காரர்தான், ஆனாலும் லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதாததால் வாசார் கல்லூரி முதல் முறை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓராண்டு காத்திருந்து 17 வயதில் நுழைந்தார். 1928-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம். 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1934-ல் அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டம். இதற்கிடையே 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரைத் திருமணம் செய்தார். 1945-ல் மணவிலக்கு ஆனது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1931 முதல் வாசார் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். போர் வராமல் இருந்திருந்தால் ஒரு நல்ல கணித விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதே மாதம் மலாயாவின் கோத்தாபாருவிலும் ஜப்பானியர் இறங்கினார்கள் என்பதால் நமக்கும் அந்தத் தேதி புதிதல்ல. ஹாப்பரின் கொள்ளுத்தாத்தா கடற்படைத் தளபதியாக இருந்தவர்; இவரும் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், உயரத்துக்கு ஏற்ற எடை 15 பவுண்ட் குறைவு, கணித ஆசிரியராக நாட்டுக்கு அவர் கல்லூரியிலேயே தேவை என்று அடுக்கடுக்கான தடைகள். விலக்கு வாங்கி 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் சேமப் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். சங்கேதப் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தவரை, 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது மார்க் 1.

51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறக்குறைய 5 டன் எடை. வினாடிக்கு மூன்று கூட்டல்கள் போடும். அதன் எண்கள் 23 இலக்கம் கொண்டவை. கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட வேண்டும். மேலதிகாரி ஹோவர்ட் ஐக்கன் கறாரான ஆள். வந்த அன்றே ஒரு கணக்கைக் கொடுத்து, சில நாட்களில் விடை வேண்டும் என்றார். ஹாப்பர் கணினியையே அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். இயந்திரம் முழுவதையும் தெரிந்துகொண்டு, பிறகு அதற்கு 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடும் எழுதினார். 1946-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை உலகின் முதல் கணினிக் கையேடுகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

விட்டில்பூச்சிக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி மார்க் 2 கணினியின் ஒரு மின்விசைக்குள் விட்டில் ஒன்று சிக்கி வேலை நின்றது. இயக்குநர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பூச்சி கிடைத்த செய்தியை எழுதிவைத்தார்கள். பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் அல்லர். பிழைக்குப் பூச்சி என்று பெயர் வைத்ததும் அவர் அல்லர்; பொறியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். சுவையாகச் சொல்லத் தெரிந்தவர் ஹாப்பர், அதனால் கதை அவரோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் பூச்சியைவிட முக்கியமாகத் தெரிவது ஹார்வர்டு குழுவினரின் நோட்டுப் புத்தகங்கள். சைன் கணக்கிட ஒரு துணைநிரல், வர்க்கமூலத்துக்கு ஒன்று என்று சரியாக வேலைசெய்த நிரல் துண்டுகளை அவரவர் நோட்டில் எழுதிவைத்திருப்பார்கள். ஒருவருக்குத் தேவையென்றால் மற்றவர் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். மனிதர்கள் பார்த்து எழுதினால் பிழை வரும். ஒரு எண் மாறினாலும் விடை தவறும். இந்த வேலையை ஏன் இயந்திரமே செய்யக்கூடாது என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது.

போர் முடிந்தது. வயது காரணமாகக் கடற்படையில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. சேமப் படையில் மட்டும் தொடர்ந்தார். ஹார்வர்டிலும் நிரந்தர இடம் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் மதுப் பழக்கத்தில் சிக்கித் தவித்தார். நண்பர்கள் தலையிட்டுப் பேச வேண்டியிருந்தது. மாணவர்களுக்கு எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பகுதியை விட்டுவிடுவது வழக்கம். பின்னால் வரும் எல்லாவற்றையும் செய்தவர் இதே மனிதர்தான் என்பதால் நான் விடவில்லை.

1949-ல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் தொடங்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரெமிங்டன் ராண்ட் அதை வாங்கிக்கொண்டது. யூனிவாக் 1 என்ற கணினி 1951-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனத்துக்குப் போனது. அதற்கு முந்தைய பைனாக் கணினிக்கு நிரல் எழுதும்போது, எட்டின் அடிமானத்தில் கூட்டிக் கழிக்கப் பழகிய ஹாப்பருக்கு, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு ஒத்துப்போகவில்லையாம். வங்கியில் வேலைபார்த்த தம்பிதான் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: அக்கா காசோலைப் புத்தகத்திலும் எட்டின் அடிமானத்திலேயே கழித்துக்கொண்டிருந்தார். மனிதர் இயந்திரத்தின் மொழிக்குப் போனால் மனிதர்தான் கெடுவார், இயந்திரம் நம் பக்கம் வரட்டும் என்று இந்தக் கதையை அவர் பிற்காலத்தில் மேடைகளில் சொல்லிச் சிரிக்கவைப்பார்.

1952-ல் ஏ-0 என்ற நிரலை முடித்தார். துணைநிரல்களை எல்லாம் காந்த நாடாவில் சேமித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். எந்த எண்கள் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னால், கணினியே அவற்றைத் தேடி எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, முழு நிரலாகக் கோத்துவிடும். இதற்குத்தான் கம்பைலர் என்று பெயர் வைத்தார். இன்றைய அளவுகோலில் அது முழுக் கம்பைலர் அல்ல. லிங்கர் என்று நாம் படிக்கிறோமே, அதற்கு அருகில். ஆனால் கணினி தன் நிரலைத் தானே தயாரிக்கும் என்பதையே அப்போது பலர் நம்பவில்லை. கணினி கணக்குதான் போடும், நிரல் எழுதாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனிதான் நம் கேள்வி வருகிறது. யூனிவாக் வாங்க வந்தவர்களை ஹாப்பர் கவனித்தார். ஒரு பக்கம் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும். குறியீடுகள் அவர்களுக்குப் பழகிய சோறு. இன்னொரு பக்கம் காப்புறுதி, சரக்குக் கிடங்கு, சம்பளப் பட்டியல் ஆட்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954-ல் லூயிவில் நகர ஆலையில் யூனிவாக்கைக் கொண்டு தொழிலாளர் சம்பளம் போடத் தொடங்கியது. இந்த இரண்டாம் கூட்டத்துக்கு எக்ஸ், ஒய் என்று எழுதினால் பிடிக்காது. அவர்களுடைய கணக்கும் வேறு மாதிரி. விஞ்ஞானியின் வேலையில் எண்கள் குறைவாக உள்ளே போகும், நடுவில் மலைபோலக் கணக்கு நடக்கும், விடை சிறியதாக வெளிவரும். சம்பளக் கணக்கில் ஆயிரக்கணக்கான பெயர்ப் பதிவுகள் உள்ளே போகும், ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு பெருக்கலும் இரண்டு கழித்தலும், பிறகு ஆயிரக்கணக்கான சீட்டுகள் வெளிவரும். இரண்டுக்கும் ஒரே மொழி எதற்கு?

அவருடைய துறையிலிருந்தே இரண்டு மொழிகள் வந்தன. பொறியாளர்களுக்கு மேத்-மேட்டிக், வணிகத்துக்கு ஃபுளோ-மேட்டிக். இரண்டாவதில் கட்டளைகள் எளிய ஆங்கில வாக்கியங்கள். சரக்கு எண்ணை ஒப்பிடு, பெரிதாக இருந்தால் இந்த இடத்துக்குப் போ என்கிற பாணி. இன்னொரு புதுமையும் உண்டு. எந்தத் தரவு எத்தனை இலக்கம், எந்த வரிசை என்ற விவரத்தைக் கட்டளைகளிலிருந்து பிரித்துத் தனியாக எழுதவைத்தார். பதிவேடுகளோடு மல்லுக்கட்டும் வேலைக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது, ஒரு முறையாவது பத்தாயிரம் வரித் தரவுக் கோப்பைப் படிக்க நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதற்கு நிறுவனத்தை இணங்கவைக்க அவர் பட்ட பாடு சாதாரணமல்ல. கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. 1955 தொடக்கத்தில் ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். ஆங்கிலக் கட்டளைகளோடு நிறுத்தவில்லை. அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக்காட்டினார். அவர் நினைத்தது எளிது: கணினிக்கு எந்தச் சொல்லும் துளைகளின் ஒரு வரிசைதான், எதை வேண்டுமானாலும் எதற்கும் பொருத்தலாம். மேலதிகாரிகளோ திகைத்துப்போனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரம் பிரெஞ்சும் ஜெர்மனும் புரிந்துகொள்வதாவது! இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொல்லி, அவர்களைச் சமாதானப்படுத்த மாதங்கள் ஆயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போய், அங்கே ஆங்கிலக் கட்டளைகளில் நிரல் எழுதப் பழகியவள் நான். கீழ்ப்படிவங்களில் ஸ்கிராட்ச், பைத்தான். படிவம் 4-ல் ஜாவா. ஆசிரியர் மலாயில் விளக்குவார், திரையில் ஆங்கிலம், தலைக்குள் தமிழ். ஆங்கிலம்தான் கணினியின் தாய்மொழி என்றே பலர் நினைக்கிறோம். 1955-லேயே அது அப்படியில்லை என்று ஒருவர் ஓட்டிக்காட்டிவிட்டார். தமிழ்ச் சொற்களிலேயே கட்டளை எழுதும் எழில் என்ற நிரல்மொழி இன்று இருக்கிறது. அதன் அடிப்படை நுட்பம் ஹாப்பர் காட்டியதேதான்.

இதே காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957-ல் ஃபோர்ட்ரானை வெளியிட்டது. விஞ்ஞானிகளுக்கான மொழி, சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதலாம், ஓட்டமும் வேகம். இந்தியாவில் ஐ.ஐ.டி. கான்பூருக்கு 1963-ல் ஐபிஎம் 1620 கணினி வந்தபோது, அங்கே பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபோர்ட்ரான்தான். அது சரியான தேர்வு. அந்த வளாகத்தின் வேலை அப்படிப்பட்டது. மலேசியாவுக்கு வந்த முதல் கணினிகளில் ஒன்று, 1966-ல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்த ஐபிஎம் 1401. இது அலுவலகக் கணக்குக்கென்றே பிறந்த வகை. உள்ளேயே பத்தின் அடிமானத்தில் கணக்குப் போடும். வேலை மாறினால் மொழி மட்டுமல்ல, இயந்திரமே மாறியது அந்தக் காலம்.

வணிகத்துக்கு ஆளுக்கொரு மொழி உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு கணினியை மாற்றினால் எல்லா நிரலையும் முதலிலிருந்து எழுத வேண்டும். 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தில் கணினி நிறுவனங்களையும் பயனாளர்களையும் கூட்டி, எல்லா இயந்திரங்களிலும் ஓடும் ஒரே வணிக மொழி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்தது கோபால். தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டு அண்ணன் பெயர்போல இருக்கிறது, என்ன செய்வது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், ஆர்சிஏ நிறுவனத்தின் கணினியிலும் யூனிவாக் 2-லும் ஓடியது. இரண்டும் உள்ளமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

ஹாப்பரைக் கோபாலின் தாய் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மொழியை வரைந்த குழுவில் ஜீன் சாமெட் உள்ளிட்ட பலர் உழைத்தார்கள், ஹாப்பர் ஆலோசகர். ஆனால் ஃபுளோ-மேட்டிக்கிலிருந்து அந்தக் குழு நிறைய எடுத்துக்கொண்டது. எனவே பாட்டி என்றால் பொருந்தும்.

கோபாலைத் திட்டாதவர்கள் குறைவு. ஒரு கூட்டலுக்கு ஒரு வாக்கியமா என்பார்கள். டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதைக் கடுமையாகச் சாடினார். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலர் அதைத் தொடக்கூட இல்லை. ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்து 2000-ஆம் ஆண்டில் உலகையே பதற வைத்த நிரல்களில் பெரும்பகுதி கோபாலில் எழுதப்பட்டவை. நானும் முதலில் பார்த்தபோது, மனு எழுதுவதுபோல இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நீட்டல் யாருக்காக? நிரல் எழுதுபவருக்காக அல்ல. கணக்குப் பிரிவின் மேலாளர் அதை வாசித்து, ஆமாம் எங்கள் விதி இதுதான் என்று சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக.

இது எனக்குச் சட்டென்று உறைத்ததற்குக் காரணம் என் பாட்டி. ஜெராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர், மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அதிலும் வேலை செய்தவர். விடிகாலைப் பெரட்டில் பெயர் கொடுப்பார்கள், கிராணி செக்ரோலில் குறிப்பார், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் வரும். முன்பணம், சேமநிதி, கடைக் கழிவு என்று பிடித்தம் போக ஒரு தொகை. பாட்டிக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். ஆங்கிலச் சீட்டில் அவருக்குப் புரிந்தது கடைசி எண் மட்டும். அதனால் வீட்டு நாட்காட்டியில் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டுவைப்பார். கோட்டுக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துவராத மாதங்கள் உண்டு. எந்த வரியில் தவறு என்று காட்ட முடியாததால், கேட்கப் போனாலும் வாய் எழாது. கணக்கு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது, அதைக் கேள்வி கேட்க யாரால் முடியும் என்பதையும் தீர்மானிக்கிறது.

சம்பளக் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. பைத்தானில் 0.1 என்ற எண்ணை ஒரு சுழற்சியில் 10 முறை கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். கணினி சாதாரணமாகப் பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் அடிமானத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோல, பத்தில் ஒரு பங்கு இரண்டின் அடிமானத்தில் முடிவில்லாமல் போகும். எங்கோ வெட்டியாக வேண்டும். கடல் அலையேற்றத்தைக் கணக்கிடும்போது அந்த வெட்டு யாரையும் பாதிக்காது. 2.675 ரிங்கிட்டை இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் பைத்தான் 2.67 என்கிறது. கிராணி கையால் போட்டால் 2.68. ஒரு சென் தானே? ஒரு தோட்டத்தின் எல்லாத் தொழிலாளருக்கும், ஆண்டின் 12 மாதத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். கோபால் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிட்டது. எத்தனை இலக்கம், புள்ளி எங்கே என்று முதலிலேயே படம்போல எழுதிக்காட்டிவிட்டால், பத்தின் அடிமானத்திலேயே கணக்கு நடக்கும். பைத்தானிலும் இதற்கென்று டெசிமல் என்ற தனித் தொகுதி இருக்கிறது. ஆனால் அது இருப்பது தெரிந்தவர்தான் அதைத் தேடிப் போவார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகின் பல நாடுகளில் பயன்படும் டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரி பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. அதைக் கோபாலில் எழுத யாரும் கனவிலும் நினைக்க மாட்டார்கள். இரண்டுமே என் பெற்றோரைவிட மூத்த மொழிகள். இரண்டும் பிழைத்திருப்பது அவரவர் வேலையில் ஊன்றி நின்றதால்.

போன விடுமுறையில் என் மாமா ஒரு வேலை கொடுத்தார். சிறு செம்பனைத் தோட்டக்காரர்களுக்குக் குலை வெட்டும் குத்தகை எடுப்பவர் அவர். டன் கணக்கில் கூலி, ஆளுக்கு ஆள் பங்கு, முன்பணக் கழிவு. இதற்கு ஒரு நிரல் எழுதித் தா என்றார். எனக்குப் பிடித்த மொழியைத் திறப்பதற்கு முன், ஹாப்பர் கேட்டிருக்கக்கூடியவற்றைக் கேட்டேன். யார் தரவை ஏற்றுவார்கள்? அத்தை. விலை மாறினால் யார் திருத்துவார்கள்? அத்தைதான், நான் வளாகத்தில் இருப்பேன். கூலி வாங்குபவர் சந்தேகம் கேட்டால் எதைக் காட்டுவார்கள்? கடைசியில் நான் எந்த நிரல்மொழியிலும் எழுதவில்லை. அத்தைக்கு ஏற்கெனவே பழக்கமான எக்செல் தாளில், தலைப்புகளைத் தமிழில் போட்டு, முழுமையாக்கும் வாய்பாட்டைச் சரியாக வைத்துக்கொடுத்தேன். மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் இவ்வளவுதானா என்ற பார்வை. அத்தைக்கு மகிழ்ச்சி.

ஹாப்பரின் கதையில் இன்னும் பாதி இருக்கிறது, ஆனால் வேகமாகச் சொல்லிவிடலாம். 1966 டிசம்பரில், 60 வயதில், கடற்படைச் சேமப் பிரிவிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஓய்வு ஏழு மாதம்தான் நீடித்தது. கடற்படையின் சம்பள நிரல்களும் மற்ற நிரல்களும் ஆளுக்கொரு வகைக் கோபாலில் சிதறிக் கிடந்ததால், 1967 ஆகஸ்டில் ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் ஏறக்குறைய 19 ஆண்டுகளாக நீண்டது. எந்த நிறுவனத்தின் கோபால் கம்பைலர் விதிப்படி நடக்கிறது என்று சோதிக்கும் நிரல் தொகுப்புகளை அவர் குழு உருவாக்கியது. தன் பொருளைக் கோபால் என்று யார் வேண்டுமானாலும் விற்கலாம். சோதனையில் தேற வேண்டுமே. 1969-ல் ஒரு கணினித் தொழில் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. விருதின் பெயர் அந்த ஆண்டின் சிறந்த கணினி அறிவியல் ஆண்மகன்!

அலுவலகத்தில் இடமிருந்து வலமல்லாமல் எதிர்த்திசையில் ஓடும் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். வழக்கமாக இப்படித்தான் செய்வோம் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுவார். அது தலைகீழாக ஓடினாலும் நேரத்தைச் சரியாகவே சொல்லும். மாணவர்களிடம் பேசப் போகும்போது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய் ஆளுக்கு ஒன்று கொடுப்பார். ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி போகக்கூடிய அதிகபட்சத் தூரம் அது. பக்கத்தில் 300 மீட்டர் கம்பிச் சுருள் ஒன்று. அது மைக்ரோ வினாடி. நிரலில் ஒரு மைக்ரோ வினாடியை வீணாக்குகிறவர் கழுத்தில் இதை மாட்டிவிட வேண்டும் என்பாராம். செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதமாகிறது என்று கேட்ட தளபதிகளுக்கும் இதே கம்பிதான் பாடம்.

1983-ல் கொமடோர் பதவி. 1985-ல் அது ரியர் அட்மிரல் என்று மாறியது. 1986 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, பாஸ்டன் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய கப்பலின் மேல்தளத்தில் ஓய்வு விழா. வயது 79. அப்போது அமெரிக்கக் கடற்படையில் பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான். பிறகு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகிப் பேசிக்கொண்டே இருந்தார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி மறைந்தார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது.

2020 ஏப்ரலில், கோவிட் நேரத்தில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலக் கணினிகள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரலாம் என்று அந்த மாநில ஆளுநர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். தேடி வந்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள்.

சித்தப்பா மகன் இன்னும் அந்த வகுப்புக்குப் பணம் கட்டவில்லை. என்ன வேலை செய்ய ஆசை என்று கேட்டதற்கு, கைப்பேசியில் விளையாட்டு செய்ய வேண்டும் என்கிறான். அப்படியானால் கோபாலும் வேண்டாம், ஃபோர்ட்ரானும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒரு மாலை நேரத்துக்கு, கட்டணமில்லாமல் கிடைக்கும் குனூகோபாலை அவன் மடிக்கணினியில் ஏற்றிக்கொடுத்தேன். 2.675-ஐக் கொடுத்து, இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொல்லி எழுதினான். ஏழெட்டு வரி, பாதி தலைப்புகளே. விடை 2.68 என்று வந்தது. பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அது என்ன கணக்கு என்று கேட்டார். கிராணி கணக்கு என்றான்.